பொய் சொல்லும் பூட்டு

சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. ஜெர்மனியில் 1997-லேயே இவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டுவிட்டது. சொந்தப் பூட்டைத்தான் தொடலாம், தினமும் பயன்படும் கதவில் கை வைக்கக் கூடாது என்பது இவர்கள் விடாமல் கடைப்பிடிக்கும் ஒழுக்கம். திருட்டுக்கும் இதற்கும் உள்ள கோடு அதுதான்.

இவர்கள் அதிகம் கையாள்வது சிலிண்டர் பூட்டு. அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளே சுழலும் உருளையில் பெரும்பாலும் ஐந்தாறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதை அழுத்தும் ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் இரு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு நேராகிவிடும், உருளை சுழலும்.

எந்த இயந்திரத்தாலும் அந்தத் துளைகளை மயிரிழை பிசகாமல் ஒரே நேர்கோட்டில் போட முடியாது. அதனால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால், எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதை மெல்லிய கம்பியால் உயர்த்தினால் ‘டிக்’கென்று நின்றுகொள்ளும். பிறகு அடுத்தது இறுகும். அந்தச் சின்னப் பிசகுதான் பூட்டைத் திறக்க வழிவிடுகிறது.

இதை முறியடிக்கவே பாதுகாப்புப் பின்கள் வந்தன. அவற்றில் பரவலானது ‘ஸ்பூல்’. தையல் நூல்கட்டைபோல நடுவில் ஒடுங்கியிருக்கும் மேல்பின் இது. உயர்த்தும்போது அந்த ஒடுங்கிய இடுப்பில் உருளையின் விளிம்பு மாட்டிக்கொள்ளும். உருளை சில டிகிரி திரும்பும். திறந்துவிட்டது என்றே விரல் நம்பும். ஆனால் அதற்குமேல் அசையாது. அந்தப் பின்னை இன்னும் தள்ளினால், அதன் அகன்ற அடிப்பகுதி உருளையைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். பழகிய கை அந்த எதிர்த்திருப்பத்தை எதிர்த்து இறுக்காது. திருகும் விசையைத் துளித்துளியாகத் தளர்த்தி, உருளை பின்வாங்க இடம் கொடுக்கும். கொஞ்சம் அதிகமாகத் தளர்த்தினால், ஏற்கெனவே நின்ற பின்களும் சரிந்துவிடும். பொய்யான இடத்தில் உருளை நிற்பதே ஸ்பூல் இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த அம்சம்.

இந்த ஏமாற்று உத்தி யேலுக்கும் முந்தியது. லண்டன் பிராமா நிறுவனத்தின் பூட்டுகளில் 1817-லேயே பொய் வெட்டுகள் சேர்க்கப்பட்டன. அந்த நிறுவனம் தன் கடைச் சன்னலில் சவால் பூட்டு ஒன்றை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என அறிவித்திருந்தது. 1851-ல் உலகக் கண்காட்சிக்காக வந்த அமெரிக்கப் பூட்டுக் கலைஞர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் அதைத் திறந்தார், பரிசும் பெற்றார்.

குறையை ஊரறியச் சொல்வது திருடனுக்கு உதவும் என்று பலர் கொதித்தார்கள். திருடர்கள் தங்கள் தொழிலை ஏற்கெனவே நன்கு அறிந்தவர்கள், அறியாமல் இருப்பது பூட்டை வாங்குபவர்தான் என்ற வாதம் 1853-ல் வெளிவந்த ஹாப்ஸின் நூலில் உண்டு. நானும் ஹாப்ஸ் கட்சிதான். குறை தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும். ஸ்பூல் பின்னுக்காகப் பூட்டின் அமைப்பையே மாற்ற வேண்டியதில்லை. பின்னை வேறு வடிவில் கடைந்தால் போதும். அடுத்த முறை பூட்டு வாங்கும்போது உள்ளே இருப்பது எந்தப் பின் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.