பூநாரைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

பங்குனி வெயில் ஏற ஏற, பழவேற்காடு ஏரி வற்றத் தொடங்கும். ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்து மீனவர்களுக்குப் படகு தரைதட்டுகிற காலம் அது. பறவைகளுக்கோ பந்தி விரித்தாயிற்று. சேறு தெரியும் ஓரத்தில், குருவியளவே உள்ள கொசு உள்ளான் ஓயாமல் கொத்துகிறது. சைபீரியாவின் வடகோடிக்குப் போய் முட்டையிட வேண்டும். புறப்படுமுன் உடம்பில் கொழுப்பு ஏற வேண்டாமா? சற்றே ஆழத்தில் பூநாரை. காலால் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விடும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் போய்வந்து நீரை உறிஞ்சி வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சீப்பில் கூனியும் புழுவும் பாசியும் தங்கிவிடும். சிறகின் சிவப்பு இந்தச் சாப்பாட்டில் வந்ததுதான்.

ஆக, விரலளவு, சாணளவு, முழத்தளவு என்று இடத்துக்கிடம் ஆழம் மாற வேண்டும். இங்கிலாந்தின் மின்ஸ்மியர் பறவைக் காப்பகத்தில் பெர்ட் ஆக்செல் 1960களில் ஆழமில்லாத நீர்நிலையை வெட்டி, மதகு வைத்து இதைச் செய்துகாட்டினார். பழவேற்காட்டுக்கு மதகு கிடையாது, முகத்துவாரம்தான். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் தரும். மற்ற மாதங்களில் கடல் ஏறி இறங்கினால்தான் ஏரிக்கு உயிர். அலை ஒதுக்கும் மணல் அந்த வாயை அடைத்துவிட்டால், வெயிலில் நீர் சுண்டி உப்பு ஏறும். சேற்றுப் புழுக்கள் சாகும். கடலில் பிறந்து ஏரியில் வளர வேண்டிய இறால் குஞ்சும் உள்ளே வராது. வலையும் காலி, அலகும் காலி.

ஆந்திரம் 1976-லும் தமிழ்நாடு 1980-லும் ஏரியில் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. அறிவிப்பைக் கண்டு மணல் நகர்ந்துவிடுமா என்ன? ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரமே வெட்டினார்கள். உப்பு சீரானது, மீன்பாடு பெருகியது.

ஆனால் வெட்டுவதிலும் கணக்கு உண்டு. படகுக் கால்வாயை ஆழப்படுத்தலாம். அந்தச் சாக்கில் பக்கத்துச் சேற்றுத் திட்டையும் வாரிவிட்டால் உள்ளானுக்கு நிற்க இடமில்லை. வாரிய மணலை முகத்துவாரத்துக்கு வடக்கேதான் கொட்ட வேண்டும். தெற்கே கொட்டினால், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் நீரோட்டம் அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து அடைத்துவிடும்.