கருவிலேயே அறியலாம்

தலசீமியா ஓர் இரத்த நோய். குஜராத், பஞ்சாப், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் இது அதிகம் காணப்படுகிறது. கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்கு உடலில் போதிய இரத்தம் ஊறாது. 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும்.

இந்த நோய் எப்படி வருகிறது? தாய், தந்தை இருவரிடமும் இதன் கூறு மறைந்திருக்கும். அவர்கள் நலமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறை கருவுறும்போதும் குழந்தைக்கு நோய் வர 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே தாயை மட்டும் பழிப்பது தவறு.

கருவுற்ற மூன்றாம் மாதத்தில் நஞ்சுக்கொடியில் சிறிது எடுத்துச் சோதிக்கலாம். இதில் கரு கலையும் அபாயம் சிறிதளவு உண்டு. சோதனைக் கூடத்தில் கருவை உண்டாக்கி, நோயற்றதை மட்டும் கருப்பையில் வைக்கும் முறையும் உள்ளது. அதற்குச் செலவு மிக அதிகம்.

பெற்றோர் என்ன நினைக்கிறார்கள்? நோயுள்ள பிள்ளையோடு மருத்துவமனைக்கு அலைந்தவர்கள் அடுத்த கருவைச் சோதிக்க விரும்புகிறார்கள். "கடவுள் கொடுத்ததை வளர்ப்போம்" என்பார் சிலர். "ஊருக்குத் தெரிந்தால் தங்கைக்கு வரன் வராதே" என்று அஞ்சுவார் சிலர்.

1994-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நோய்க்காகக் கருவைச் சோதிக்க அனுமதிக்கிறது. ஆணா, பெண்ணா என்று சொல்வதோ குற்றம்.

திருமணத்துக்கு முன்பே இருவரும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. பிறகு எடுக்கும் முடிவு கணவன், மனைவி இருவருடையது. மாமியாரோ ஊராரோ அதில் வற்புறுத்தக் கூடாது.