நாய் உணவு பாக்கெட்டில் ‘24% புரதம்’... நிஜமா எவ்வளவு? ஒரு நிமிடக் கணக்கு இதோ!

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கு குருபரப்பள்ளி. ஒரு பக்கம் சிப்காட், அதை நம்பி வந்தவங்களோட வாடகை வீடுகள். இன்னொரு பக்கம் கேழ்வரகுக் கொல்லையும் மாந்தோப்பும். தோட்டத்துக் காவல் நாய்க்கு களி உருண்டையும் மோரும்தான் சாப்பாடு. வாடகை வீட்டு நாய்க்குட்டிக்கு கடையில் வாங்கும் பாக்கெட்.

அந்த பாக்கெட் வரிசையில் இப்போ ‘டீஹைட்ரேட்டட்’ உணவும் சேர்ந்திருக்கு. வெந்நீர் ஊற்றிக் கிளறினால் சாப்பாடு ரெடி. சாதாரண உலர் உணவைவிட விலை அதிகம். அந்த விலைக்கு அதில் சத்து இருக்கா? நம்ம ஊர் களி மட்டும் போதுமா? இரண்டுக்கும் ஒரே கணக்குதான். வாங்க, பார்க்கலாம்.

டீஹைட்ரேட்டட்னா என்ன?

கடையில் பார்க்கும் உருண்டை உருண்டையான உலர் உணவு, மாவையும் இறைச்சித் தூளையும் அதிக சூட்டில், அழுத்தத்தில் பிழிந்து தயாரிப்பது. டீஹைட்ரேட்டட் வேற. இறைச்சி, காய்கறி, தானியத்தை மிதமான சூட்டுக் காற்றில் உலர்த்தி, ஈரத்தை எடுத்துவிடுவாங்க. நம்ம வீட்டு வத்தல், கருவாடு மாதிரிதான். ஈரம் இல்லாததால் பாக்டீரியா பெருகாது.

ஆனால், பெருகாது என்பதும் செத்துப்போச்சு என்பதும் ஒன்றல்ல. பச்சை இறைச்சியை அப்படியே உலர்த்தியிருந்தால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. தண்ணீர் ஊற்றியதும் மறுபடி பெருகும். அதனால் கலந்த உணவை மணிக்கணக்கில் தட்டில் விடாதீங்க. கொடுத்த பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. குழந்தை இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

முதல் வேலை: தண்ணீரைக் கழியுங்க

பாக்கெட்டில் இருக்கும் புரத சதவீதம், ஈரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அதனால் இரண்டு வகை உணவை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

ஒரு உதாரணம். உலர் உணவு பாக்கெட்டில் ‘புரதம் 22%, ஈரப்பதம் 10%’னு இருக்கு. கிரேவி டின்னில் ‘புரதம் 8%, ஈரப்பதம் 80%’. எதில் புரதம் அதிகம்? பார்த்ததும் 22-ன்னு தோணும்.

100-ல் இருந்து ஈரப்பதத்தைக் கழியுங்க. புரதத்தை அந்த எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்க.

உலர் உணவு: 22-ஐ 90-ஆல் வகுத்தால் 24.4%.
கிரேவி டின்: 8-ஐ 20-ஆல் வகுத்தால் 40%.

தண்ணீரைக் கழிச்சதும் கதையே மாறிடுச்சு. டீஹைட்ரேட்டட் உணவில் இன்னொரு சிக்கல். 24% புரதம் உள்ள 100 கிராம் தூளில் 300 மில்லி தண்ணீர் கலந்தால், தட்டில் இருப்பது 400 கிராம். அதில் புரதம் 6% மட்டுமே. சத்து எங்கேயும் போகவில்லை, தண்ணீர்தான் கூடியிருக்கு. பாக்கெட்டில் இருக்கும் எண் தூளுக்கா, கலந்த பிறகான உணவுக்கான்னு பார்த்துட்டு கணக்கு போடுங்க.

குறைந்தது எவ்வளவு வேணும்?

பல நாடுகளில் எடுத்துக்காட்டாகப் பார்ப்பது, அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ‘ஆஃப்கோ’வின் அளவுகள். ஈரத்தைக் கழித்த கணக்கில் வளர்ந்த நாய்க்கு குறைந்தது 18% புரதம், 5.5% கொழுப்பு. வளரும் குட்டிக்கு 22.5% புரதம், 8.5% கொழுப்பு. கால்சியம் வளர்ந்த நாய்க்கு 0.5%, குட்டிக்கு 1.2%.

ஒரு விஷயம்: ஆஃப்கோ எந்த பிராண்டுக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ‘ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது’ன்னு விளம்பரம் வந்தா நம்பாதீங்க. ‘இந்த உணவு, இந்த வயது நாய்க்கு முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற வாக்கியம் இருக்கான்னு பாருங்க. ‘துணை உணவு’, ‘ட்ரீட்’, ‘டாப்பர்’னு இருந்தால் அதை மட்டுமே கொடுத்து நாயை வளர்க்கக் கூடாது.

அப்போ நம்ம களி?

களி கொடுப்பது தப்பில்லை. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தை செரிக்கும் மரபணுவின் நகல்கள் அதிகம்னு 2013-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மனுஷனோடு சேர்ந்து வாழ்ந்ததில் வந்த மாற்றம். வெந்த களி நாய்க்கு நல்லாவே செரிக்கும்.

ஆனால் களி மட்டும்னா? 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு சுமார் 850 கலோரி தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி, 7 கிராம் புரதம். 850 கலோரியும் கேழ்வரகிலேயே வரணும்னா சுமார் 265 கிராம் மாவு வேணும். அதில் கிடைக்கும் புரதம் 19 கிராம். ஆஃப்கோ அளவுப்படி பார்த்தால் தேவை 38 கிராம். வயிறு நிரம்புது, புரதம் பாதிதான் கிடைக்குது.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மாவைக் கொஞ்சம் குறைச்சு, முட்டை, கோழி, மீன் சேர்த்தால் இந்தப் பள்ளம் நிரம்பும். இதுவே முழுமையான உணவு ஆகிடாது. தாது உப்பு, வைட்டமின் விஷயத்தில் கால்நடை மருத்துவரைக் கேளுங்க.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்குது. ‘நாய்னா கறிதானே’ன்னு எலும்பில்லாத கறியை மட்டுமே குட்டிக்குக் கொடுப்பாங்க. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பில் இருந்து எடுக்கும். குட்டியின் கால் வளையும், லேசா குதிச்சாலே எலும்பு முறியும். கால்சியமும் பாஸ்பரஸும் சம அளவில் தொடங்கி, கால்சியம் இரண்டு மடங்கு வரை இருப்பதுதான் சரியான விகிதம்.

பொருட்கள் பட்டியலை எப்படிப் படிக்கணும்?

பொதுவா எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். அது சேர்க்கும்போது இருந்த எடை. ‘சிக்கன்’ முதலிடத்தில் இருந்தால், அதில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்ந்த பிறகு அது பட்டியலில் கீழே இறங்கிடும். ‘சிக்கன் மீல்’ என்பது ஏற்கெனவே உலர்த்திய இறைச்சித் தூள். பெயர் கவர்ச்சியா இல்லாட்டியும், புரதம் அதில்தான் செறிவா இருக்கும்.

மக்காச்சோள மாவு, மக்காச்சோளத் தவிடு, மக்காச்சோள குளூட்டன்னு ஒரே தானியம் மூன்று பெயரில் வருதா? மூன்றையும் கூட்டினால் முதலில் இருக்கும் இறைச்சியைவிட அதிகமா இருக்கலாம்.

‘தானியமே இல்லை’ என்பதும் தரத்துக்கு அடையாளம் இல்லை. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு அதிகம் உள்ள சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கான்னு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது. இதுதான் காரணம்னு உறுதியாகவில்லை. ஆனால் தானியத்தைக் கண்டு பயப்படவும் காரணம் இல்லை.

புரத எண்ணை முழுசா நம்பலாமா?

ஆய்வகத்தில் புரதத்தை நேரடியா அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவாங்க. இந்த ஓட்டையைத்தான் 2007-ல் பயன்படுத்தினாங்க. சீனாவில் இருந்து போன கோதுமை குளூட்டனில், நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்து புரதத்தை அதிகமா காட்டினாங்க. அமெரிக்கா, கனடாவில் நாய், பூனைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. கோடிக்கணக்கான டின்கள் திரும்பப் பெறப்பட்டன. எண் எவ்வளவுன்னு பார்க்கும்போது, அது எந்தப் பொருளில் இருந்து வருதுன்னும் பாருங்க.

நம்ம நாட்டில் யார் கண்காணிப்பாங்க?

பிஸ்கட், பால் பாக்கெட்டில் பார்க்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை வைத்து நாய் உணவை எடை போட முடியாது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், ‘உணவு’ என்ற வரையறையில் இருந்து கால்நடைத் தீவனத்தை விலக்கியிருக்கு. நாய், பூனை உணவுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 11968 என்ற தரநிலை இருக்கு. பாக்கெட்டில் அதைக் குறிப்பிட்டிருக்காங்களான்னு பாருங்க.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில், தீவனத்தின் சத்தையும் பூஞ்சை நச்சையும் பரிசோதிக்கும் ஆய்வகம் இருக்கு. நாய் உணவை சின்ன அளவில் தயாரித்து விற்க நினைக்கிறவங்க முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இதுதான்.

லூஸில் வாங்கலாமா?

வேண்டாம். மூட்டையைப் பிரிச்சு கிலோ கணக்கில் கொடுக்கும்போது லேபிளும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. காற்று பட்டால் கொழுப்பு சிக்கு அடிக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளம், கடலையில் வரும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு நாயின் கல்லீரலைக் கெடுக்கும். சூடு பண்ணினாலும் அது முழுசா போகாது. பூஞ்சை பிடித்த மாவை ‘நாய்க்குத்தானே’ன்னு போடுவதும் இதே ஆபத்துதான்.

வாங்கும் முன் 5 விஷயம்

1. ஈரப்பதத்தைக் கழித்து, புரதத்தையும் கொழுப்பையும் கணக்கிடுங்க.

2. ‘முழுமையான உணவு’ன்னு இருக்கா? எந்த வயது நாய்க்கு?

3. கால்சியம், பாஸ்பரஸ் அளவு போட்டிருக்கா? குட்டிக்கு வாங்கினால் இது கட்டாயம்.

4. வெங்காயம், பூண்டு, உலர் திராட்சை, சைலிட்டால் இருந்தால் வாங்காதீங்க. நாய்க்கு ஆகாது.

5. கிலோ விலையைப் பார்க்காதீங்க, ஒரு நாள் செலவைப் பாருங்க. 100 கிராமில் 350 கலோரி உள்ள உணவு, அந்த 15 கிலோ நாய்க்கு நாளுக்கு சுமார் 245 கிராம் போதும். 3 கிலோ பாக்கெட் 12 நாள் வரும். டீஹைட்ரேட்டட் உணவுக்கும் இதே மாதிரி கணக்கு போட்டால், கூடுதல் காசுக்கு கூடுதல் சத்து வருதான்னு தெரிஞ்சிடும்.

அந்தக் கூடுதல் காசு கையில் இல்லைன்னா கவலைப்பட வேண்டாம். களியோடு முட்டையும் சேர்த்து, கால்நடை மருத்துவரிடம் கேட்டு தாது உப்பும் கலந்து கொடுத்தால் தோட்டத்து நாயும் நல்லாவே இருக்கும். குட்டி, கர்ப்பமான நாய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு மட்டும் உணவை மாற்றும் முன் மருத்துவரைப் பார்த்துடுங்க. எந்த உணவானாலும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமா மாற்றுங்க.