டாக்டர் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துக்கள்

டீசல் லோகோ ஷெட்டில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், மருத்துவம் படித்தவனல்ல. ஆனாலும் ஊரிலிருந்து வயதான பெற்றோரை இங்கே அழைத்து வந்திருக்கும் நண்பர்கள், "சார், எந்த டாக்டரிடம் காட்டுவது?" என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருடம். அதன்பின் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. மேலும் 3 வருடம் படித்தால் எம்.டி. அல்லது எம்.எஸ்.; அறுவை சிகிச்சைத் துறைகளுக்கு எம்.எஸ். (டி.என்.பி. என்று போட்டிருந்தால் குறைவாக நினைக்க வேண்டாம். அதுவும் அங்கீகாரம் பெற்ற பட்டமே.) அதற்கும் மேலே 3 வருடம் படித்தால் டி.எம். அல்லது எம்.சிஎச். ஆக, டி.எம். முடித்த இருதய டாக்டர் ஒருவர் உருவாகக் குறைந்தது பதினொன்றரை வருடம் ஆகிறது!

படி ஏற ஏற ஆழம் கூடும். பார்க்கும் இடம் குறுகும். எங்கள் ஷெட்டிலும் அப்படித்தான். பிரேக் பார்ப்பவர் வேறு, மின்சாரம் பார்ப்பவர் வேறு. ஆனால் எஞ்சினுக்கு ஒரு லாக் புக் உண்டு. யார் எதைத் தொட்டாலும் அதில் எழுதியாக வேண்டும். மனிதருக்கு அந்த லாக் புக் யார்? வீட்டிலுள்ள நாம்தான்.

ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு இன்னொரு டாக்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐபுபுரூஃபன், டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும், சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் மூட்டு டாக்டர் வேறு வழி யோசிப்பார். குரோசின், கால்பால், டோலோ மூன்றிலும் இருப்பது பாரசிட்டமால்தான். பல ஜலதோஷ மாத்திரைகளிலும் அது உண்டு. தெரியாமல் சேர்த்துச் சாப்பிட்டு அளவு மீறினால் ஈரல் கெடும். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

நமக்கு மொழிச் சிக்கலும் உண்டு. நோயாளி சொல்வதைக் கேட்டறிவது மருத்துவ மாணவர்களுக்கு வார்டில் கற்றுத் தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று. அம்மா "மயக்கமா வருது" என்கிறார். பிள்ளை அதை இந்தியில் 'பேஹோஷ்' என்று சொல்லிவிடுகிறான். தலைசுற்றல் வேறு, நினைவு தப்புவது வேறு; இரண்டுக்கும் டாக்டர் தேடும் காரணங்களும் வேறு. "எப்படி வருதும்மா, எழுந்து நிற்கும்போதா, படுத்திருக்கும்போதா?" என்று வீட்டிலேயே நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

அவசரமில்லாத உபாதைக்கு முதலில் ஒரு பொது மருத்துவரிடம் போவது நல்லது. எந்த ஸ்பெஷலிஸ்ட் தேவை என்பதை அவர் சொல்வார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சாப்பிடும் மருந்துகள், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, நடந்த ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.