பக்கத்து அறைக் கணனி பதில் சொல்லாவிட்டால்



சென்ற மாதம் எங்கள் சிட்னிக் கலையகத்தில் நடந்ததை வானொலியில் சொன்னபோது, "எங்கள் வீட்டிலும் இதே கரைச்சல்தான், எழுதித் தாருங்கள்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

ஒலிப்பதிவு அறைக் கணனியில் ஒரு மூதாட்டியின் நேர்காணல். அது ஒலிபரப்பு அறைக் கணனிக்கு வரவேண்டும். நிகழ்ச்சிக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. அவருடைய பிள்ளைகள் மெல்பேர்ணில் கேட்கக் காத்திருந்தார்கள். இரண்டு கணனியிலும் இணையம் வேலை செய்தது, ஆனால் ஒன்றையொன்று காணவில்லை. கடைசியில் யூ.எஸ்.பி. ஸ்டிக்கில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். 1989 ஜூனில் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் ரொபர்ட் எல்ஸ் ஹவாயுடன் செய்மதி வழியாக அவுஸ்திரேலியாவை இணையத்தோடு இணைத்தார். பசிபிக் சமுத்திரத்தையே தாண்டியாயிற்று. எங்களுக்கு ஒரு சுவரைத் தாண்ட முடியவில்லை!

"பயர்வோலை நிற்பாட்டி விடுங்கோ" என்றார் ஒரு நண்பர். சாவி திரும்பவில்லை என்று கதவையே கழற்றுகிற வேலை அது. மறுநாள் ஆறுதலாக இருந்து பார்த்தேன்.

முதலில் இரண்டு கணனியிலும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஐ.பி.கொன்பிக்' என்று அடித்தேன். ஒன்றின் முகவரி 192.168.1.12, மற்றது 192.168.1.15. முதல் மூன்று எண்களும் ஒன்றானால் வீடுகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன என்று கொள்ளலாம். 169.254 என்று தொடங்கினால், மோடத்திடம் முகவரி கிடைக்காமல் கணனி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்; வயரைப் பாருங்கள். ஒரு கணனி விருந்தினருக்கான வைஃபையில் இருந்தாலும் மற்றதைக் காணாது. விருந்தினரை வீட்டுக் கணனிகளிடமிருந்து விலக்கி வைப்பதற்கே அது இருக்கிறது.

அடுத்தது 'பிங்'. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரின் ஒலியை நினைத்து 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல் இது. மோடம் பதில் சொன்னது, மற்றக் கணனி சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் பலர் வயர் பழுது என்று முடிவுகட்டுகிறார்கள். பயர்வோல் தடுத்தாலும் பதில் வராது. ஆகவே உடனே 'ஏ.ஆர்.பி.' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் 'ஏ' எழுத்தும் சேர்த்தேன். வந்த பட்டியலில் மற்றக் கணனியின் முகவரியும் அதன் வன்பொருள் இலக்கமும் இருந்தன. ஆள் வீட்டில்தான் இருக்கிறார், கதவைத்தான் திறக்கிறாரில்லை.

காரணம் அப்போதுதான் உறைத்தது. அதற்கு மூன்று நாள் முன்னர் இணைய நிறுவனத்தை மாற்றியிருந்தோம், புது மோடம் வந்திருந்தது. மோடம் மாறினால் வின்டோஸ் அதைப் புது இடம் என்று எண்ணி, விமான நிலையம், கோப்பிக்கடை போன்ற 'பப்ளிக்' வலையமைப்பாக வைத்துவிடலாம். அப்படி வைத்தால் அயல் கணனிகளுக்குக் கோப்புகளைக் காட்டாது. செட்டிங்ஸில் நெற்வேர்க் பகுதிக்குப் போய், இரண்டு கணனியிலும் அதை 'பிரைவேற்' என்று மாற்றினேன். பயர்வோல் அப்படியே ஓடிக்கொண்டிருக்க, கோப்புறை தெரிந்தது. நூலகத்து வைஃபையில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.

கோப்புறையைத் திறக்கப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அங்கே மற்றக் கணனியின் கணக்குக்கு உரிய கடவுச்சொல்லைத்தான் கொடுக்கவேண்டும். காலையில் கணனியைத் திறக்க அடிக்கும் பின் இலக்கம் செல்லாது. எங்கள் தொண்டர் ஒருவர் அந்த இலக்கத்தையே ஆறு தரம் அடித்துவிட்டு, மோடத்தைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியைத் தேடத் தொடங்கியிருந்தார்.