விரல் அசைந்தால் வீக்கம் வடியும்

பாதத்தில் செய்யப்படும் அறுவை சிகிச்சை, முறிந்த எலும்பைத் தகடும் திருகும் வைத்துச் சேர்ப்பதாக இருந்தாலும், கட்டைவிரலின் அடியில் புடைத்து நிற்கும் எலும்பைச் சீர்செய்வதாக இருந்தாலும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பாதம் மறுபடி செருப்புக்குள் நுழைந்து, விரல்கள் மடங்கி நிமிர்ந்து, பழைய நடை திரும்பப் பல மாதங்கள் ஆகின்றன என்பதையும், அந்த மாதங்களின் வேலையில் பெரும்பகுதி நோயாளியின் கையில்தான் இருக்கிறது என்பதையும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பலர் அறிந்திருப்பதில்லை.

தென் தில்லியின் சரோஜினி நகரில், மத்திய அரசு ஊழியர்களின் குவார்ட்டர்ஸ்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, கால் முறிவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரிங் ரோட்டை ஒட்டியுள்ள சஃப்தர்ஜங் மருத்துவமனையே. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அமெரிக்கப் படையினருக்காக எழுப்பப்பட்ட அந்த மருத்துவமனை 1954-இல் இந்திய அரசின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வந்தது. எதிரே எய்ம்ஸ் தோன்றியது 1956-இல்தான். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் தில்லியில் நடந்த 2010-ஆம் ஆண்டில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே ஒரு தனி மையமும் சஃப்தர்ஜங்கில் திறக்கப்பட்டது. இவ்வளவு வசதி அருகிலேயே இருந்தும், நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனை எதிலும் ஒரு நோயாளி படுக்கையில் கிடக்கும் நாட்கள் குறைவு என்பதால், பாதம் உண்மையில் தேறுவது குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளுக்குள்தான்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 14 விரல்களில் மட்டுமே அமைந்தவை, கட்டைவிரலில் இரண்டும் மற்ற நான்கில் மும்மூன்றுமாக. விரல்களை அசைக்கும் வலிமையான தசைகளோ விரல்களில் இல்லை. அவை முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலிலும் காலின் முன்புறத்திலும் இருந்துகொண்டு, பொம்மலாட்டக்காரர் மேலிருந்து நூலை இழுப்பது போல, தசைநாண்கள் எனப்படும் நீண்ட உறுதியான நாண்களின் வழியாகக் கணுக்காலைக் கடந்து விரல்களை இயக்குகின்றன. ஆகவே கணுக்காலிலோ பாதத்தின் நடுவிலோ கத்தி பட்டால்கூட, அறுவை நடக்காத விரல் அசைய மறுப்பது வியப்பன்று; நாண் செல்லும் வழியில் வீக்கமும் வலியும் நிற்கின்றன.

வீக்கம் என்பது, காயம்பட்ட திசுவுக்குக் கூடுதலாகப் பாயும் இரத்தத்திலிருந்து கசியும் புரதம் கலந்த நீர், வந்த வேகத்தில் திரும்பிப் போக முடியாமல் தேங்கிவிடுவதே ஆகும். இதயத்திலிருந்து மிகத் தொலைவில், உடலின் மிகத் தாழ்ந்த இடத்தில் பாதம் இருப்பதால், அங்கிருந்து இரத்தம் மேலேறத் தசைகளின் பிழிவு தேவைப்படுகிறது. கெண்டைத் தசை இப்படி ஒரு பம்பாகச் செயல்படுவது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. உள்ளங்காலின் சிரைகளும், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களும், ஒவ்வொரு முறை பாதம் தரையில் அழுந்தும்போதும் மேல்நோக்கிப் பிழியப்படுகின்றன என்பதை பிரிட்டனைச் சேர்ந்த கார்ட்னர், ஃபாக்ஸ் ஆகிய இருவர் 1983-இல் விளக்கினர். ஊன்றி நடக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்திருக்கும் வாரங்களில் இந்த உள்ளங்கால் பம்பு நின்றுபோகிறது. அப்போது கைவசம் எஞ்சுவது விரலை மடக்கி நிமிர்த்தும் அசைவுதான், ஏனெனில் விரலை மடக்கும் தசை கெண்டைக்காலில் இருப்பதால் விரல் மடங்கும்போதெல்லாம் அங்குள்ள சிரைகள் அழுத்தப்படுகின்றன.

நீர் நீண்ட நாள் தேங்கினால் தீங்கு இரட்டிப்பாகிறது. அதிலுள்ள புரதம் நாளடைவில் நாராக இறுகி, மூட்டைச் சுற்றியுள்ள உறையை விறைக்கச் செய்கிறது. தையலுக்கு அடியில் உருவாகும் தழும்புத் திசு தசைநாணையும் தோலையும் ஒன்றாக ஒட்டவைத்துவிடுகிறது. நடக்கும்போது குதிகால் மேலெழும் கணத்தில் கட்டைவிரல் ஏறத்தாழ 60 பாகை மேல்நோக்கி வளைய வேண்டும்; அது வளையாவிட்டால் பாதத்தின் வெளிவிளிம்பில் சாய்ந்து நடக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டு, வலி முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறுகிறது. வீட்டில் நாற்காலியும் மேல்நாட்டுக் கழிப்பறையும் இருந்தால் சிலகாலம் சமாளிக்கலாம். மணையில் உட்கார்ந்து எழவும், கோயிலில் விழுந்து கும்பிட்டு எழவும் வளையும் விரல் வேண்டும்.

அறுவை நடந்த இரவில் விரல் அசையவில்லை என்று வீட்டார் பதறுவதுண்டு. காலை மட்டும் மரக்கச் செய்யும் நரம்பு ஊசி போடப்பட்டிருந்தால், 12 முதல் 24 மணி நேரம் வரை விரலில் உணர்வோ அசைவோ இல்லாமல் இருப்பது இயல்பே. மரப்பு விலகும் முன்பே வலி மாத்திரையைத் தொடங்கிவிடும்படி மருத்துவர்கள் சொல்வதைப் பின்பற்றுவது நல்லது. அந்த நேரத்தில் விரல் நுனியின் நிறத்தைக் கவனிக்க வேண்டும்; நகத்தை அழுத்தி விட்டால் வெளிறிய இடம் ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் சிவக்குமானால் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரங்களுக்கு மிகச் சிறந்த மருந்து காலை உயர்த்தி வைப்பதுதான்; மிக அதிகமாகத் தவறாகச் செய்யப்படுவதும் அதுவே. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஸ்டூலையோ தில்லி வீடுகளில் காணப்படும் பிரம்பு மூடாவையோ இழுத்துப் போட்டு அதன்மேல் காலை நீட்டினால் உயர்த்திவிட்டதாகப் பலர் நினைக்கின்றனர். அந்நிலையிலும் பாதம் இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது, நீர் வடிய வழியில்லை. படுத்தபடி, கெண்டைக்கால் முழுதும் தாங்கும்படி இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கி, பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கச் செய்ய வேண்டும். குதிகால் மட்டும் தலையணையில் அழுந்தினால் அங்கே புண் உண்டாகும். உணவுக்கும் கழிப்பறைக்கும் எழும்போது பாதம் கருஞ்சிவப்பாகி விம்முவதும், மறுபடி உயர்த்தியதும் அது தணிவதும் தொடக்க வாரங்களில் எதிர்பார்க்கத்தக்கவை. மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும் தில்லியில் வெப்பத்தால் இரத்தக் குழாய்கள் விரிவதால் மாலை வீக்கம் கூடும். குளிர்காலத்தில் வீக்கம் குறைந்து விறைப்பு மிகும்.

பனிக்கட்டி ஒத்தடம் குறித்துக் கருத்து மாறியிருக்கிறது. ஓய்வு, பனி, அழுத்தக் கட்டு, உயர்த்தல் என்னும் நால்வகை முறையை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே, பனியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார். வலி தணிய, துணியில் சுற்றிய பனியை 15 நிமிடம் வைப்பதில் பொதுவாகக் கேடில்லை. ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு மங்கியவர்கள் பனியோ சூடோ எதையும் வைக்கக் கூடாது, சுடுவதும் உறைவதும் அவர்களுக்குத் தெரியாது. உப்பு ஒத்தடமும், வேப்பெண்ணெய் தடவி நீவிவிடுவதும் பாட்டி வைத்தியத்தில் இடம்பெற்றவையாயினும், தையல் ஆறாத வாரங்களில் சூடு வீக்கத்தைப் பெருக்கவே செய்யும். தையல் பிரித்துப் புண் முழுதும் மூடியபின், தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை மட்டும் விரல் நுனியால் வட்டமாகத் தேய்ப்பது ஒட்டலைத் தளர்த்தும் என்பதால், இயன்முறை மருத்துவர்களே அதைச் சொல்லித்தருகின்றனர்.

தமிழ்ப் பெண்களுக்கென ஒரு சொல்லும் இங்கே தேவை. அறுவைக்கு முன் கழற்றிய மெட்டியை, வீடு வந்ததும் மங்கலம் கருதி மாமியாரோ தாயோ போட்டுவிட முனைவதுண்டு. மாலையில் விம்மும் விரலில் வெள்ளி வளையம் இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, கடைசியில் வெட்டி எடுக்க நேரும். வீக்கம் முழுதும் வடியும்வரை மெட்டி பெட்டியில் இருப்பதே மங்கலம்.

விரல் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பதை அறுவை செய்தவரே சொல்ல வேண்டும். விரலில் கம்பி செருகியிருந்தால் அது எடுக்கப்படும் நான்கு முதல் ஆறு வாரம் வரையிலும், தசைநாண் தைக்கப்பட்டிருந்தால் அது வலுப்பெறும்வரையிலும் காத்திருக்க வேண்டியதாகலாம். கட்டைவிரல் மூட்டு எலும்போடு எலும்பாக இணைக்கப்பட்டிருந்தால் அது இனி வளையாது, வளைக்க முயல்வதே தவறு. அனுமதி கிடைத்தபின், ஒரு கையால் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விரலின் நுனியைப் பற்றாமல் அடிக்கணுவைப் பற்றி, மெல்ல மேலும் கீழும் வளைத்து, இழுவை உணரும் இடத்தில் சில விநாடி நிறுத்த வேண்டும். அடுத்தபடியாக, தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுப்பது, பல்லாங்குழிச் சோழிகளை விரலால் கவ்வி எடுத்துக் கிண்ணத்தில் போடுவது. நாளுக்கு ஒருமுறை கண்ணீர் வரச் செய்வதைவிட, வலி தாங்குமளவில் பலமுறை சிறுசிறு பொழுதாகச் செய்வதே பயன் தரும்.

அசைக்க நினைத்தும் விரல் கேட்கவில்லை என்ற நிலைக்கு எலும்பும் நாணும் மட்டுமே காரணமல்ல. வாரக்கணக்கில் கட்டுக்குள் இருந்த விரலை மூளையும் மறக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டின் பணி, மறந்ததைப் பயிற்சியால் மறுபடி கற்கலாம் என்பதற்குத் தமிழ்நாடு அளித்த சான்று. தொழுநோயால் நரம்பு செயலிழந்து பாதம் தொங்கிப்போனவர்களுக்கு, பாதத்தை உட்புறம் திருப்பும் தசையின் நாணை முன்புறத்துக்கு மாற்றி வைக்கும் அறுவை அங்கே செய்யப்பட்டது. உட்புறம் திருப்பவே பழகிய தசை பாதத்தைத் தூக்கக் கற்றுக்கொள்வது பயிற்சியால்தான் நடந்தது. நாணே இடம் மாற்றப்பட்டவர்கள் புதிதாகக் கற்க முடிந்திருக்கும்போது, பழைய வேலையைத் திரும்பக் கற்பது அதனினும் எளிதே. பயிற்சியின்போது விரலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, இரு கால்களின் விரல்களையும் சேர்த்து அசைப்பது உதவும்.

வீக்கத்தின் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்குள் வடிந்தாலும், மாலை நேர விம்மல் ஆறு மாதமும், சிலருக்கு ஓராண்டும் நீடிக்கும். ஓய்வெடுக்க ஊருக்குப் போகலாம் என்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை வரை ஒன்றரை நாள் அளவுக்குப் பயணம் செய்ய எண்ணுவோர், மருத்துவரைக் கேட்டபிறகே டிக்கெட் எடுப்பது நல்லது. காலைத் தொங்கவிட்டு அசையாது அமர்ந்திருப்பது கெண்டைக்காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறைய வழிசெய்யும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அதை நீவிவிடக் கூடாது. அத்துடன் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தாலும், மாத்திரைக்கு அடங்காத வலி விரலைப் பிறர் நிமிர்த்தும்போது உயிர் போவதுபோல் கூடினாலும், விரல் நுனி நீலம் பாரித்துச் சில்லிட்டாலும், தையலிலிருந்து சீழ் வந்து காய்ச்சல் அடித்தாலும், காலை ஓபிடி வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம். சஃப்தர்ஜங்கிலும் எய்ம்ஸிலும் அவசரப் பிரிவு இரவு முழுதும் திறந்தே இருக்கிறது.