உங்களுக்குத் தெரியுமா? செல்போனுக்கு வரும் பரிசுப் போட்டிகள்

● பாக்கெட்டுக்குள் இருக்கும் எண்ணை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பைக் பரிசு என்று விளம்பரம் வரும். அதன் அடியில் ‘தமிழ்நாட்டில் இச்சலுகை இல்லை’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட வேண்டாம். 1979-ம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம்தான் காரணம். பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் போட்டுச் சிலருக்கு மட்டும் பரிசு தருவதை அது தடுக்கிறது.

● பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, தேனி மாவட்டத்து வருசநாடு கடைத்தெருவுக்கும் இதே சட்டம்தான். ‘500 ரூபாய்க்கு வாங்குங்கள், தீபாவளிக் குலுக்கலில் கிரைண்டர்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் கடைக்காரர்கள் யோசிக்க வேண்டும். வாங்கிய எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தால் வம்பில்லை.

● தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-ல். ஆனால் கூடலூரைத் தாண்டி மலையேறினால் குமுளியில் கேரள அரசின் லாட்டரி தாராளமாக விற்கிறது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்வரும் நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. இந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ‘ஆன்லைன் கேரள லாட்டரி, உங்கள் எண்ணுக்கு 25 லட்சம்’ என்று செல்போனுக்கு வந்தால் அது பொய்தான்.

● விளம்பர எஸ்.எம்.எஸ். அனுப்பியவரின் பெயரைக் கவனியுங்கள். முதலில் இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு நிறுவனத்தின் சுருக்கப் பெயர், மறுபடி ஒரு கோடு, கடைசியில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. விளம்பரம் என்பதற்கான அடையாளம் அது. 2025-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த மாற்றம் இது. அரசுத் தகவல் என்றால் ‘ஜி’. சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து பரிசு அறிவிப்பு வந்தால் அது முறையாகப் பதிவு செய்தவர் அனுப்பியதல்ல. 1909-க்குப் புகார் செய்யலாம். முன்பு 3 நாள் கெடு, இப்போது 7 நாள்.

● ஆப் வழியாகத் திரையில் துள்ளும் நோட்டிபிகேஷனுக்கு இந்த எஸ்.எம்.எஸ். விதிகள் கிடையாது. இது பெரிய ஓட்டை என்றே சொல்வேன். ஆனாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

● அந்தச் சட்டப்படி, பரிசுத் திட்டம் முடிந்த பிறகு கலந்துகொண்டவர்களுக்கு முடிவைத் தெரிவிக்காமல் மறைப்பது முறையற்ற வணிகம். 2022-ல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளில் இன்னொரு நல்ல விஷயம்: விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ, நிபந்தனைக் குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை போடக்கூடாது.

● 2007-ல் ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியில் வீட்டிலிருந்தே பதில் அனுப்பும் போட்டி நடந்தது. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 2 ரூபாய் 40 காசு. பரிசு இலவசம்போலக் காட்டிவிட்டு, எஸ்.எம்.எஸ். கட்டணத்திலிருந்து எடுத்துத் தருகிறார்கள் என்று வழக்கு. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 1 கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே வந்த மெசேஜை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

● நிறுவனம் மும்பையில் இருந்தாலும் வழக்குப் போட அங்கே அலைய வேண்டாம். வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம் என்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. வருசநாட்டுக்காரருக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

● 10,000 ரூபாய்க்கு மேல் பரிசுப் பணம் கிடைத்தால் 30 சதவீத வரி உண்மைதான். ஆனால் அதைப் பரிசுத் தொகையிலேயே பிடித்து அரசுக்குக் கட்டுவது கொடுப்பவரின் கடமை. ‘முதலில் வரியை இந்த எண்ணுக்கு ஜிபே பண்ணுங்கள்’ என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள்.